திங்கிற மாவு

ஆணழகன் போட்டியில் கலந்துகொள்ளப் போவதாக என் வீட்டுக்காரர் சோலைச்சாமி சொன்ன அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றி ஏற்றி உடம்பு இறுகிப்போன மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அழகுக்கும் அவருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. முகம் ஒரு பக்கம் பார்த்தால் மூக்கு இன்னொரு பக்கம் பார்க்கும்.

"சிரிச்சு முடி. முடிச்சிட்டுச் சொல்லு, நான் விசயத்தச் சொல்றேன்" என்றார்.

விஷயம் இதுதான். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பலவேசம் அண்ணாச்சி தன் அச்சகத்து மாடியில் ஒரு ஜிம் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் நாரணாபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு இவர் இரண்டு வருஷமாக அங்கே போய்க்கொண்டிருந்தார். அண்ணாச்சி இப்போது விருதுநகரில் இன்னொரு ஜிம் திறக்கப் போகிறார். அங்கே மாஸ்டராக நிற்க ஆள் வேண்டும். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி மேடையில் நடக்கிற போட்டியில் ஒரு மெடல் வாங்கிவிட்டால், அது மூன்றாம் இடத்து மெடலாக இருந்தாலும், அந்த வேலை இவருக்குத்தான். மெடல் இல்லாத மாஸ்டரிடம் எவனும் வந்து சேரமாட்டான் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்.

"மெடல் வாங்கலேன்னா?" என்று கேட்டேன்.

"வாங்கலேன்னா மருந்து ரூமு. பொங்கல் முடிஞ்ச திங்கக்கெழம வரச் சொல்லி எங்க கம்பெனி ஃபோர்மேன் உக்கிரபாண்டி இன்னைக்குத்தான் சொன்னாரு. வரலேன்னா லோடு வேலையும் கெடையாதாம்."

அதோடு என் சிரிப்பு நின்றது. மருந்து ரூம் என்பது வெடிக்கு உள்ளே போகிற மருந்தைக் கலக்குகிற இடம். என் அண்ணன் வெள்ளைத்துரை வேறொரு கம்பெனியில் அந்த வேலைதான் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தீப்பிடித்து, உயிரோடு வந்தான், ஆனால் வலது கை விரல்கள் ஐந்தும் ஒட்டிப்போய்விட்டன. இடது கையில் இரண்டு மிச்சம். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் எங்கள் தெரு ஆண்கள் பரோட்டாப் பொட்டலத்தோடுதான் வீட்டுக்கு வருவார்கள். அண்ணனும் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். பரோட்டாவைப் பிய்க்க விரல் வேண்டுமே. நான்தான் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்துக் கொடுப்பேன். ஸ்பூனால் அள்ளித் தின்பான். நான் பிய்க்கிற நேரம் முழுக்கச் சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அது 2006ஆம் வருஷத்துத் தை மாதக் கடைசி. பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்றையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரக் கால் வரவில்லை.

மறுநாள் அண்ணாச்சி ஒரு சார்ட் எழுதிக் கொடுத்தார். சோறு கூடாது. பரோட்டாவை மனசால் நினைக்கவும் கூடாது. எண்ணெய் தொடாத சப்பாத்தி காலையில் ஆறு, சாயங்காலம் நான்கு. முட்டையின் வெள்ளைக் கரு, சுண்டல், கொள்ளு. சதை ஏற வேண்டும், கொழுப்பு இறங்க வேண்டும். எழுபது கிலோ இருந்த மனிதர் அறுபத்தைந்துக்குள் வந்தாக வேண்டும், ஏனென்றால் அறுபத்தைந்துக்கு மேற்பட்ட பிரிவில் ராஜபாளையத்திலிருந்து தூண் மாதிரி தொடை வைத்த ஆட்கள் வருவார்களாம். அவர்கள் பக்கத்தில் நின்றால் இவரை நடுவர்கள் தேடிப் பார்க்க வேண்டியிருக்குமாம்.

எல்லாம் சரி, சப்பாத்தியை யார் கண்டது? எங்கள் தெருவில் அடுப்பு எரிந்தால் சோறு; கடைக்குப் போனால் பரோட்டா. சப்பாத்தி சுடுகிற வீடு என்றால் அங்கே யாருக்கோ சர்க்கரை வியாதி என்று அர்த்தம். ரேஷன் கோதுமையைப் பாதிப் பேர் கோழிக்குப் போட்டுவிடுவார்கள். நான் வாங்கிவந்து அரைத்து, முதல் நாள் உள்ளங்கையிலேயே தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாநிலத்தின் வரைபடமாக வந்தது. நடுவில் வேகவில்லை, ஓரம் கருகிவிட்டது. அவர் ஆறையும் மென்று விழுங்கினார். எனக்குத்தான் கோபம், அடுப்பு மேலே, கோதுமை மேலே, அண்ணாச்சி மேலே.

சப்பாத்திக் கட்டை இரவல் கேட்டுத் தெரு முழுக்க அலைந்தேன். ஒரு வீட்டிலும் இல்லை. கடையில் போய் வாங்கலாம்தான். ஆனால் வீட்டிலேயே பலகை ஒன்று இருக்கும்போது எதற்கு என்று தோன்றிவிட்டது. அங்கேதான் நான் கெட்டேன்.

நான் பட்டாசுக்குக் காகிதக் குழல் சுற்றுகிறவள். பத்து வயதிலிருந்து அதுதான் வேலை. வீட்டிலிருந்தபடியே பலகையில் காகிதத்தை விரித்து, பசை தடவி, இரும்புக் கம்பியில் வைத்து உருட்டினால் குழல் வந்துவிடும். பசைக்கு மைதா மாவு கம்பெனியே கொடுக்கும். அதில் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலந்துதான் கொடுப்பார்கள். குழலைப் பூச்சி அரிக்காமல் இருக்கவும், மாவை நாங்கள் அள்ளி ரொட்டி சுட்டுவிடாமல் இருக்கவும் ஒரே மருந்து. அதனால் எங்கள் வீடுகளில் பிள்ளை தவழத் தொடங்கியதும் சொல்லித் தருகிற முதல் பாடம், வெள்ளை மாவைத் தொடாதே, விஷம் என்பதுதான். என் மகள் ஓவியாவுக்கு அப்போது ஆறு வயது. பசைச் சட்டி இருக்கிற பக்கம் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாள்.

நான் வேலைக்குக் கம்பெனியில் புதுப் பலகை கேட்டு வாங்கிக்கொண்டு, பழைய பலகையை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். சும்மா கொண்டுபோகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன், தேங்காய் நாரால் கை எரிகிற வரைக்கும் தேய்த்தேன், இரண்டு நாள் வெயிலில் போட்டேன். மாவைத் தேய்க்க ஆகும் என்று கம்பியையும் துலக்கினேன். பதினைந்து வருஷம் உருட்டி உருட்டி வழுவழுவென்று ஆன பலகை அது. சப்பாத்தி அதில் வட்டமாக வந்தது பாருங்கள், அண்ணாச்சி வீட்டு அம்மாகூட அப்படித் தேய்த்திருக்க மாட்டாள். குழல் சுற்றின கையல்லவா!

பிறகு எனக்குள் ஒரு வெறி புகுந்தது. வெறும் கோதுமையில் என்ன சத்து இருக்கிறது என்று பொட்டுக்கடலையை அரைத்துக் கலந்தேன். முட்டையின் வெள்ளைக் கருவை ஊற்றி மாவு பிசைந்தேன். முருங்கைக் கீரையை உருவி உள்ளே போட்டேன். பத்துச் சப்பாத்தியிலும் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. சனிக்கிழமை அண்ணனுக்கு வாங்கிவருகிற பரோட்டாப் பொட்டலத்தை இவர் தின்னவும் மாட்டார், விலகிப் போகவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை மட்டும் இழுத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம் காலைச் சப்பாத்தி தின்றுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார்.

"முட்ட ஒத்துக்கலையோ?" என்றேன்.

"இல்ல செல்வி. அண்ணாச்சிகிட்டக் கேட்டேன். அம்புட்டு வருசமாத் தின்ன பரோட்டாக் கொழுப்பெல்லாம் வெளிய போகுதாம்."

படித்தவர், ஜிம் வைத்திருப்பவர், சொன்னால் சரியாகத்தானே இருக்கும். அவர் வாந்தி எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது, இன்றைக்கு நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அறுபத்தெட்டு, அறுபத்தேழு என்று எடை இறங்கியது. வயிற்றில் கட்டுக்கட்டாக வரி விழுந்தது. ஒரு நாள் ஓவியா அடம்பிடித்து அரைச் சப்பாத்தி வாங்கித் தின்றாள், அவளும் கக்கினாள். கோவில் வாசலில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றதால்தான் என்று முதுகில் ஒன்று போட்டேன்.

ஆனால் மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அவர் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. வாய் முழுக்கச் செம்புக் காசைச் சப்பின ருசி என்று சொல்வார். லோடு ஏற்றும்போது இரண்டு முறை தள்ளாடினார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேட்டால், "ஒண்ணுமில்ல, இன்னும் ஒரு கிலோதான்" என்பார். நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும். காலையில் மாவு பிசைந்து உருண்டை பிடித்துப் பலகையில் வைத்தேன். அதற்குள் கம்பெனியிலிருந்து காகிதக் கட்டு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். இறக்கி, எண்ணி, அடுக்கி, திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. அவர் அன்றைக்கு முட்டையோடு வேலைக்குப் போயிருந்தார். உருண்டையை எடுத்துத் திருப்பினேன். அடியில், பலகையில் பட்டிருந்த இடத்தில், வட்டமாக ஒரு வெளிர் நீலம்.

அந்த நிறத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயதிலிருந்து என் நகக்கண்ணில் இருக்கிற நிறம் அது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் தேய்த்தது பலகையின் மேல்தோலை. உள்ளே பதினைந்து வருஷத்துப் பசை ஊறிக் கிடக்கிறது. ஈர மாவை வைக்க வைக்க அது மேலே ஏறி வந்திருக்கிறது. போகிறது போகிறது என்று அவர் சந்தோஷப்பட்டது கொழுப்பு இல்லை. என் கையாலேயே நான் அவருக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், நாளுக்குப் பத்து, வட்டம் வட்டமாக.

உடனே பலகையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முந்தின நாள் எடை அறுபத்தைந்தரை. இன்னும் அரைக் கிலோ. இப்போது நிறுத்தினால் பசி எடுக்கும், உடம்பு ஏறும், மெடல் போகும், திங்கட்கிழமை மருந்து ரூம். அண்ணனின் கை கண் முன்னால் வந்து வந்து போனது. இந்த விஷம் மெல்லக் கொல்கிற விஷம், அந்த ரூம் ஒரே நொடியில் முடித்துவிடுகிற ரூம் என்று கணக்குப் போட்டது என் புத்தி. சாயங்காலம் அதே பலகையில் நான்கு தேய்த்தேன். மறுநாள் காலை ஆறு தேய்த்தேன்.

தின்றுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, சிரித்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு அறுவத்தஞ்சு தொட்டுருவேன் செல்வி. எல்லாம் ஒன் கைப்பக்குவம்."

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்தும் பத்துச் சப்பாத்தி கொடுத்ததையும் சொன்னேன். நீலம் பிடித்த உருண்டை காய்ந்து போயும் எறியாமல் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒம்போது நாளுதான இருக்கு?" என்றார்.

"அதுக்கு?"

"அதுலயே போடு. ஒம்போது நாளைக்குச் செத்துற மாட்டேன். மெடல வாங்கிட்டு வந்து வைத்தியம் பாத்துக்கிருவோம்."

நான் ஒரு நாள் ரகசியமாக நினைத்ததை அவர் வாய் திறந்து சொல்லிவிட்டார். கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமான நினைப்பு என்று உறைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. விறகு பிளக்கிற கோடரியை எடுத்துக் கொல்லையில் வைத்துப் பலகையைப் பிளந்தேன். உள்ளே மரத்தின் ரேகைகூடப் பச்சை ஓடிக் கிடந்தது.

"கெடுத்துட்டியேடீ! என் பொழப்பக் கெடுத்துட்டியே!" என்று கத்தினார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தின்றார். தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு, சோடாப் பாட்டிலால் தேய்த்துக் கொடுத்தேன். கோணலும் மாணலுமாக வந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்தது. தோள் திரண்டது. அவருக்கே தெரியாமல் உடம்பு பழைய பலத்தை வாங்கிக்கொண்டு எழுந்தது, எடையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு.

போட்டியன்று சாயங்காலம் பொருட்காட்சித் திடலில் எடை பார்த்தார்கள். அறுபத்தேழே கால். அறுபத்தைந்து கிலோ வரிசையிலிருந்து விலக்கி, அடுத்த வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஐந்து பேர். ராஜபாளையத்துத் தூண்கள் இரண்டு வந்திருந்தன. இவர் எண்ணெய் பூசிக்கொண்டு கையை மடக்கிக் காட்டினார், முதுகை விரித்துக் காட்டினார். ஓவியா ஒருத்திதான் கைதட்டினாள். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பத்து நாளைக்கு முன்னால் தள்ளாடின மனிதர் அங்கே மலை மாதிரி நின்றார். ஐந்து பேரில் ஐந்தாவது.

அண்ணாச்சி வந்து தோளைத் தட்டினார். "அடுத்த வருசம் பாப்போம் சோலை" என்று சொல்லிவிட்டு, மெடல் வாங்கின பையன் பக்கம் நகர்ந்துவிட்டார்.

திடலை விட்டு வெளியே வந்தோம். ராட்டினம் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.  எண்ணெயில் பொரிகிற பரோட்டா வாசம் வந்த பக்கமாக இவர் கால் போனது, நாங்களும் பின்னாலேயே போனோம். பெத்தணன் என்பவரின் கடை. பொங்கல் கூட்டம் நெரித்தது. உட்கார்ந்து ஐந்து பரோட்டா சொன்னார். வந்ததைப் பிய்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கெழம உக்கிரபாண்டி வரச் சொல்லிருக்காரு" என்றார்.

"போகக் கூடாது."

"வேற என்ன செய்யச் சொல்ற?"

 என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கை கழுவப் போனேன். கடைக்குப் பின்பக்கம் ஒரு பெரியவர் அண்டா அளவு மைதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குத்துக் குத்துவார், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். முன்னால் பரோட்டாக் கல்லில் நிற்கிற மாஸ்டர், "மாவு எங்கய்யா? ஆளுக நிக்காக!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவருடைய கையைப் பார்த்தேன். திரும்பி என் வீட்டுக்காரருடைய கையைப் பார்த்தேன்.

நேரே கல்லாவில் உட்கார்ந்திருந்த பெத்தணனிடம் போனேன்.

"அண்ணாச்சி, மாவு பிசைய ஆள் வேணுமா?"

பெத்தணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, நீங்களா பிசையப் போறீக?"

"எங்க வீட்டுக்காரரு. அங்கன உக்காந்திருக்காக பாருங்க, மினுமினுன்னு."

அவர் இறங்கி வந்து, இவருடைய புஜத்தை மாட்டுச் சந்தையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அமுக்கிப் பார்த்தார். "போட்டிக்கு வந்தவனா நீ? எத்தனாவது?"

"கடசி" என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

"கடசியா வந்தவன்தாம்லே எனக்கு வேணும். மொதல்ல வந்தவன் இங்கன எதுக்கு வரப்போறான்?"

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் குனிந்து, "ரெண்டு மாசமா மைதாவ மனசாலயும் நெனைக்காம இருந்தவனப் போயி மாவு பிசையச் சொல்றியே, அறிவிருக்கா ஒனக்கு?" என்று பல்லைக் கடித்தார்.

"மருந்து கலக்குறதுக்கு மாவு பிசையிறது தேவல" என்றேன். "எந்திரிங்க."

 என்னை முறைத்துக்கொண்டே எழுந்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவினார், இரண்டு தடவை கழுவினார். பெரியவர் ஒதுங்கி இடம் விட்டார். அண்டாவுக்குள் இரண்டு கையையும் விட்டு ஒரு குத்துக் குத்தினாரே, மேடையில் நடுவர்கள் பார்க்காத சதையெல்லாம் அப்போதுதான் எழுந்து நின்றது. மாவு புரண்டது, அண்டா ஆடியது. முன்னால் நின்ற மாஸ்டரே திரும்பிப் பார்த்தார்.

"திங்கக்கெழம வந்துரு" என்றார் பெத்தணன்.

அப்போதுதான் ஓவியா எட்டிப் பார்த்தாள். வெள்ளை மாவுக்குள் முழங்கை வரைக்கும் போன அப்பாவின் கைகளைக் கண்டதும் வீறிட்டுக் கத்தினாள். "அப்பா, தொடாதீக! விசம்! அப்பா!"

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அண்டாவிடம் போனேன். ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. வாயில் போட்டேன். உப்பும் லேசான இனிப்பும்.

"இது திங்கிற மாவு தாயி" என்றேன்.

இன்னொரு சிட்டிகையை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் விழுங்குகிறேனா, விழுங்கினபின் கொல்லைக்கு ஓடுகிறேனா என்று என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.